வீட்டில் வளரும் அவகாடோ: தொட்டி மாற்றுவது, தண்ணீர், வெயில், காய்ப்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டர் ஃப்ரூட், வெண்ணெய்ப் பழம், யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு ஆனைக்கொய்யா. பெயர் எதுவானாலும், பழத்தைச் சாப்பிட்ட பிறகு அந்தப் பெரிய கொட்டையைக் குப்பையில் போட மனசு வருவதில்லை. கண்ணாடி டம்ளரில் வைத்து முளைக்க வைத்துவிடுகிறோம். சிக்கல் அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. தாம்பரம் பக்கத்தில் மொட்டை மாடியில் ஆறு வருடமாக இந்தச் செடியை வளர்த்து வருகிறேன். அக்கம்பக்கத்திலும் சொந்தக்காரர்களிடமும் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

டம்ளர் தண்ணீரில் முளைத்துவிட்டது. மண்ணுக்கு எப்போது மாற்றுவது?

தண்டு ஒரு சாண் உயரம் வந்து, வேர் இரண்டு மூன்று அங்குலம் நீண்டதும் மாற்றிவிடுங்கள். இலை நிறைய வரட்டும் என்று மாதக்கணக்கில் டம்ளரிலேயே விடுவது நல்லதில்லை. தண்ணீரில் வளர்ந்த வேர் நீர் கோத்து, லேசாகத் தொட்டாலே முறிகிற மாதிரி இருக்கும். நாளாக ஆக மண்ணுக்குப் பழகுவது அதற்குக் கஷ்டமாகிவிடும்.

நடும்போது கொட்டை முழுவதையும் புதைக்க வேண்டாம். பாதியாவது மண்ணுக்கு மேலே தெரியட்டும். அகன்ற அடிப்பக்கம் கீழே, கூம்பு மேலே.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: டம்ளரே வேண்டாம், நேராக மண்ணிலேயே போடுங்கள். பழத்திலிருந்து எடுத்த கொட்டையைக் காயவிடாமல் இரண்டு மூன்று வாரத்துக்குள் நட்டுவிட வேண்டும். இது நெல், கத்தரி விதை மாதிரி எடுத்து வைத்துப் பிறகு விதைக்கிற விதை இல்லை, காய்ந்தால் செத்துவிடும். மண் ஈரமாக இருந்தால் மூன்று முதல் எட்டு வாரத்துக்குள் கொட்டை பிளந்து முளை வரும்.

கொட்டை இன்னும் செடியின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அழுகிவிடுமோ? பிய்த்துவிடலாமா?

தொடாதீர்கள். பிளந்து நிற்கும் அந்த இரண்டு பருப்பும்தான் செடிக்கு முதல் சில மாதச் சாப்பாடு. சத்து தீர்ந்ததும் சுருங்கிக் கறுத்துத் தானாக விழும். சில செடிகளில் ஒரு வருடம்கூட ஒட்டிக்கொண்டிருக்கும்.

தொட்டி மாற்ற வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தொட்டியைத் தூக்கி அடியைப் பாருங்கள். ஓட்டை வழியாக வேர் எட்டிப் பார்த்தால் இடம் போதவில்லை. தண்ணீர் ஊற்றியதும் மண்ணில் நிற்காமல் ஓரமாக வழிந்து ஓடினாலும், நேற்று நன்றாக ஊற்றியும் இன்று மதியமே இலை தொங்கினாலும், புதுத்தளிர் ஒவ்வொரு முறையும் சிறுத்துக்கொண்டே வந்தாலும் அதே காரணம்தான். நம் ஊர் வெப்பத்தில் முதல் மூன்று வருடத்துக்கு ஏறத்தாழ வருடம் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். அதற்கப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போதும்.

ஒரேயடியாகப் பெரிய டிரம்மில் வைத்துவிட்டால் அடிக்கடி மாற்றும் வேலை மிச்சம்தானே?

என் முதல் செடியை நான் அப்படித்தான் இழந்தேன். அரை அடிச் செடியை, பாதியாக வெட்டிய நீல டிரம்மில் வைத்தேன். அடியில் தண்ணீர் சிந்தக்கூடாது என்று தட்டும் வைத்தேன். மேல்மண் காய்ந்திருக்கும், நான் ஊற்றிக்கொண்டே இருப்பேன். இலை வாடியது. தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். மூன்றாவது வாரம் தண்டைப் பிடித்து இழுத்தால், எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. வேர் எல்லாம் கறுத்துப் பிசுபிசுப்பாக, சாக்கடை நாற்றம்.

அவகாடோவைப் பற்றி ஒரே ஒரு விஷயம் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: இதன் வேருக்குத் தண்ணீர் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் மலைக்காட்டுச் சருகு மண்ணில் வளர்ந்த மரம் இது. சத்தை உறிஞ்சும் வேர்கள் மேல்மண்ணிலேயே, ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே பரவும். மற்றச் செடிகளுக்கு இருக்கிற மெல்லிய வேர்த்தூவிகள் இதற்கு மிகக் குறைவு. மண்ணில் ஈரம் தேங்கிக் காற்று போனால் வேர் மூச்சுத் திணறும். அந்த நேரம் பார்த்து பைட்டோப்தோரா என்கிற வேரழுகல் நோய்க்கிருமி புகுந்துவிடும். உலகம் முழுக்க அவகாடோ தோட்டங்களை அதிகம் அழிக்கிற நோய் இதுதான்.

சின்னச் செடிக்குப் பெரிய தொட்டி கொடுத்தால், வேர் எட்டாத மண் எல்லாம் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் பழைய தொட்டியைவிட இரண்டு மூன்று அங்குலம் அகலமானது போதும். 6 அங்குலத்தில் தொடங்கி, 8 அல்லது 9, அப்புறம் 12, அப்புறம் 15 என்று போகலாம். டிரம் எல்லாம் செடி மார்பளவு வந்த பிறகு.

எந்த மாதத்தில் மாற்றலாம்?

கத்திரி வெயிலில் தொடவே தொடாதீர்கள். சமவெளியில் இருப்பவர்களுக்கு இரண்டு நல்ல காலம் உண்டு. ஒன்று தை, மாசி; மழை ஓய்ந்து வெயில் ஏறுவதற்கு முன். இன்னொன்று வெயிலின் உக்கிரம் தணிந்த ஆனிக் கடைசி, ஆடி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் புதுமண் சேறாகிவிடும் என்பதால் அப்போதும் வேண்டாம். கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் குளிர் விட்டதும் மாற்றலாம். எந்த மாதமானாலும் தளிர் விட்டுக்கொண்டிருக்கும்போது மாற்றாமல், அந்தத் தளிர் முற்றிய பிறகு சாயங்காலமாகச் செய்யுங்கள்.

மண்கலவை எப்படி இருக்க வேண்டும்?

நான் போடுவது: செம்மண் இரண்டு பங்கு, கொரகொரப்பான ஆற்று மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, கோகோபீட் (தென்னை நார்த்தூள்) ஒரு பங்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. வீடு கட்டிய இடத்தில் மிஞ்சிய எம்-சாண்டைப் போடுவதுண்டு. அதில் கல் தூசு அதிகம், நனைந்து காய்ந்தால் இறுகிவிடும். தூசு போக அலசிய பிறகே சேருங்கள்.

கோகோபீட்டைக் கட்டியாக வாங்கி ஊறவைத்து அப்படியே கலக்காதீர்கள். அதில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து அலசுங்கள். முதல் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்தில் வரும். அது வெளிறும் வரை அலச வேண்டும். அவகாடோ உப்பைத் தாங்காத செடி என்பதால் இதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள்.

கலந்த மண்ணைத் தொட்டியில் போட்டு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மேலே குளம் கட்டி நின்றால் இன்னும் மணல் வேண்டும். விறுவிறுவென்று இறங்கி, அடியில் சொட்டத் தொடங்கினால் சரி.

அடுப்புச் சாம்பலும் சுண்ணாம்பும் இந்தச் செடிக்கு ஆகாது. லேசான புளிப்பு மண்தான் இதற்குப் பிடிக்கும். கார அமிலநிலை (pH) 6க்குப் பக்கத்தில் இருப்பது நல்லது.

தொட்டி அடியில் ஜல்லிக்கல் போட வேண்டுமா?

வேண்டாம். எல்லோரும் செய்வதுதான், ஆனால் பயனில்லை. நுண்மண்ணில் இருக்கும் ஈரம் சுலபத்தில் கல்லுக்குள் இறங்காது. கல்லுக்கு மேலேயே தங்கும். சேறு படுகிற இடம் வேருக்கு இன்னும் பக்கமாக வரும், அவ்வளவுதான். ஓட்டையை மறைக்க ஓர் ஓட்டுச்சில்லோ துண்டு நிழல்வலையோ போதும். ஓட்டை நாலைந்தாவது இருக்கட்டும். தொட்டியை இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள்.

மாற்றும்போது வேர் அறுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எப்படிச் செய்வது?

முந்தின நாள் தண்ணீர் ஊற்றி வையுங்கள். மண்கட்டி உதிராமல் இருக்க அந்த ஈரம் உதவும். மறுநாள், தண்டைப் பிடித்து இழுக்காமல், தண்டு இரண்டு விரலுக்கு நடுவில் வரும்படி உள்ளங்கையால் மேல்மண்ணை மூடித் தொட்டியைக் கவிழ்த்து, விளிம்பைத் தட்டுங்கள். பிளாஸ்டிக் தொட்டியானால் பக்கத்தைச் சுற்றி அமுக்கிவிட்டாலே நழுவும். குரோ பேக் என்றால் கத்தரிக்கோலால் பையைக் கிழித்துவிடுங்கள். ஐம்பது ரூபாய்ப் பைக்காக வேரைப் பணயம் வைக்கக்கூடாது.

மண்கட்டி வெளியே வந்ததும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். நல்ல வேர் வெண்மையாகவோ வெளிர்மஞ்சளாகவோ, உடைத்தால் நறுக்கென்று முறிகிற மாதிரி இருக்கும். மழை பெய்த தோட்டத்தின் வாசனை வரும். கறுத்து, உருவினால் தோல் கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சுகிற வேர் அழுகியது; அதைச் சுத்தமான கத்தியால் நீக்கிவிடுங்கள். அடியில் வளையம் வளையமாகச் சுற்றியிருக்கும் வேரை விரலால் மெல்லப் பிரித்துவிடலாம். பழைய மண்ணை முழுக்க உதிர்க்கவோ குழாய்த் தண்ணீரில் கழுவவோ கூடாது. ரோஜாவோ செம்பருத்தியோ தாங்கும், அவகாடோ தாங்காது.

புதுத் தொட்டியில், பழைய மண்மட்டம் எங்கே இருந்ததோ அதே மட்டத்தில் உட்கார வையுங்கள். தண்டில் ஏற்றி மண் அணைத்தால் அங்கிருந்தே அழுகும். சுற்றிலும் கலவையைப் போட்டு லேசாக அமுக்குங்கள், குத்திக் கெட்டிக்காதீர்கள். அடியில் வழியும் வரை ஒருமுறை தண்ணீர். பிறகு இரண்டு வாரம் நிழல். ஒரு மாதத்துக்கு உரம் எதுவும் வேண்டாம்.

மாற்றியதிலிருந்து இலை தொங்குகிறது. செத்துவிடுமா?

பெரும்பாலும் செத்துவிடாது. ஒரு வாரம், பத்து நாள் வாட்டம் இருக்கும். மண்ணில் ஈரம் இருந்தால் மேலும் ஊற்றாமல் நிழலில் விட்டு, காலையில் இலைமேல் தண்ணீர் தெளியுங்கள். அடி இலை ஒன்றிரண்டு உதிர்ந்தால் கவலை வேண்டாம்.

இன்னொரு தொங்கல் உண்டு. அது நோயே இல்லை. புதுத்தளிர் வரும்போது செம்பு நிறத்தில், ஈரத்துணி மாதிரி தலைகீழாகத் தொங்கும். மாந்தளிரைப் பார்த்தவர்களுக்குப் புரியும். இரண்டு மூன்று வாரத்தில் பச்சையாகி விறைத்து நிமிர்ந்துவிடும். அந்த நேரத்தில் பயந்துபோய்த் தண்ணீரை அள்ளி ஊற்றுகிறவர்கள் நிறைய.

தினமும் தண்ணீர் ஊற்றலாமா?

கணக்கு வைக்காதீர்கள், மண்ணைத் தொட்டுப் பாருங்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் நுழைத்தால் ஈரம் தட்டுகிறதா? அப்படியானால் இன்று வேண்டாம். காய்ந்திருந்தால் அடியில் வழியும்வரை நிறைய ஊற்றுங்கள். தினம் ஒரு டம்ளர் ஊற்றுவதைவிட இது நல்லது. சித்திரை, வைகாசியில் மாடியில் தினமும் தேவைப்படலாம். மார்கழியில் நாலு நாளுக்கு ஒருமுறைகூடப் போதும். மேலே இரண்டு அங்குலம் காய்ந்த சருகு மூடாக்குப் போட்டு, தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விட்டுவிட்டால் வெயிலிலும் மண் குளிர்ச்சியாக இருக்கும்.

இலை நுனி கருகிக்கொண்டே வருகிறது. எந்தப் பூச்சி மருந்து அடிப்பது?

நுனியில் தொடங்கி ஓரமாகக் காய்ந்து வந்தால் அது உப்புதான், மருந்து அடித்துப் பயனில்லை. சென்னை போர் தண்ணீரில் வளர்க்கிற எல்லோருக்கும் வருகிற பிரச்சினை இது. ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு விடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்த உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது, அவகாடோவுக்கு அதைக் காட்டவே கூடாது.

மழைத் தண்ணீர் பிடித்து வையுங்கள். ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீரில் உப்பு அநேகமாக இருக்காது. எங்கள் வீட்டில் கோடை முழுக்க ஒரு வாளி அதற்காகவே இருக்கும், போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுகிறேன். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரை நிறைய, நிதானமாக ஊற்றி, தங்கிய உப்பு அடியில் ஓடும்படி மண்ணை அலசிவிடுங்கள். கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது. புதிதாக வரும் இலை சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இலையின் நடுவில் வெளுத்த திட்டு திட்டாகக் காய்ந்தால் வெயில் சுட்டது. நரம்பு பச்சையாக, நடுவில் மட்டும் மஞ்சளித்தால் இரும்புச்சத்து ஏறவில்லை. உரக்கடையில் இரும்பு செலேட் கிடைக்கும், பாக்கெட்டில் சொன்ன அளவுக்குக் கரைத்து ஊற்றலாம். செடி முழுக்க மஞ்சளித்து, மண்ணும் ஈரமாக இருந்தால் வேரைப் பாருங்கள்.

எவ்வளவு வெயில் வேண்டும்?

கன்றுக்குக் காலை வெயில் மட்டும், பத்து பதினொரு மணி வரை. மூன்று வயதுக்குமேல் முழு வெயிலைத் தாங்கும்; ஆனாலும் ஏப்ரல், மே மாதங்களில் 50 சதவீத நிழல்வலை கட்டினால் நல்லது. இலை இல்லாமல் வெயிலில் நிற்கும் தண்டின் பட்டை வெந்து வெடிக்கும். தண்ணீர் கலந்த வெள்ளை எமல்ஷன் பெயின்ட்டைத் தண்டில் பூசிவிடலாம். அறைக்குள் வைப்பவர்கள் ஜன்னலை ஒட்டி வையுங்கள். மங்கல் வெளிச்சத்தில் செடி கொக்குக்கால் மாதிரி நீண்டுவிடும்.

செடி ஒற்றைக் குச்சியாக உயர்ந்துகொண்டே போகிறது.

நுனியைக் கிள்ளுங்கள். ஓர் அடி வந்ததும் கொழுந்தைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வரும். அந்தக் கிளைகள் அரை அடி நீண்டதும் அவற்றின் நுனியும். பெரிய கவாத்து (கிளைகளை வெட்டிவிடுவது) வேண்டுமானால் தை, மாசியில்.

கிள்ளிய தழையை எங்கே போடுகிறீர்கள் என்பதில் கவனம் தேவை. அவகாடோ இலையிலும் பட்டையிலும் கொட்டையிலும் பெர்சின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. ஆடு, மாடு, குதிரை, முயல் எல்லாவற்றுக்கும் ஆபத்து. கிளி, லவ் பேர்ட்ஸ் போன்ற கூண்டுப் பறவைகளுக்குப் பழமேகூட உயிரைப் பறிக்கும். பச்சைத் தழைதானே என்று பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டுவிடாதீர்கள்.

உரம் என்ன போடலாம்?

தளிர் விடும் காலத்தில் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம். கடலைப்புண்ணாக்குக் கரைசலை நன்றாக நீர்க்கவைத்து மாதம் ஒருமுறை தரலாம். பச்சைச் சாணம் வேண்டாம். வேர் மேல்மண்ணிலேயே இருப்பதால் மண்வெட்டியால் கொத்திவிடவும் கூடாது.

மாவுப்பூச்சி வந்திருக்கிறது.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படும்படி வாரம் ஒருமுறை. எறும்பு ஏறினால் அதைத் தடுங்கள், பூச்சியைச் சுமந்து வருவது அதுதான்.

மழைக்காலத்தில் தொட்டியை என்ன செய்வது?

வடகிழக்குப் பருவமழையில் நாலு நாள் விடாமல் பெய்யும்போதுதான் அதிகச் செடிகள் போகின்றன. சன்ஷேடுக்குக் கீழே நகர்த்துங்கள். முடியாவிட்டால் ஒருபக்கம் செங்கல் வைத்துத் தொட்டியைச் சாய்த்துவிடுங்கள். அடித்தட்டை எடுத்துவிடுங்கள், அதில் கொசுவும் முட்டையிடும். புயல் எச்சரிக்கை வந்தால் சுவரோடு சேர்த்துக் கட்டுங்கள். கிளை எளிதில் முறியும்.

சரி, எப்போது காய்க்கும்?

கொட்டையிலிருந்து வந்த மரத்துக்கு ஐந்து வருடமும் ஆகலாம், பத்துப் பன்னிரண்டும் ஆகலாம். காய்க்காமலும் போகலாம். ஒட்டுக்கன்று மூன்று நான்கு வருடத்தில் பூக்கும். கொட்டைச் செடி தாய்ப்பழம் போலவே காய்க்கும் என்றும் சொல்ல முடியாது. இன்று உலகமெங்கும் விற்கும் ஹாஸ் ரகமே அப்படி வந்ததுதான். கலிபோர்னியாவில் ருடால்ஃப் ஹாஸ் என்ற தபால்காரர் நட்ட கொட்டைகளில் ஒன்று, ஒட்டு பிடிக்காமல் அடம்பிடித்தது. வெட்டாமல் விட்டதில் தனி ருசியோடு காய்த்தது. 1935இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். எல்லா ஹாஸ் மரமும் அந்த ஒரே மரத்தின் ஒட்டுவழி வாரிசுகள்.

பூவும் விசித்திரமானது. ஒரே பூ ஒரு வேளையில் பெண்ணாக விரிந்து மூடி, மறுநாள் வேறு வேளையில் ஆணாக விரியும். ஏ வகை மரம் காலையில் பெண், மறுநாள் மதியத்துக்குமேல் ஆண். பி வகை மதியத்துக்குமேல் பெண், மறுநாள் காலையில் ஆண். இரண்டு வகையும் பக்கத்தில் இருந்தால், தேனீயும் வந்தால், காய்ப்பு கூடும். அப்படியும் ஆயிரக்கணக்கான பூவில் சிலதான் நிற்கும்.

நம் பக்கம் நன்றாகக் காய்ப்பது தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கொடைக்கானல் கீழ்மலை, ஏற்காடு, நீலகிரிச் சரிவு. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே வளர்க்கிறார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் டி.கே.டி. 1 என்ற ரகத்தை வெளியிட்டிருக்கிறது. பழமே குறி என்றால் ஒட்டுக்கன்று வாங்குங்கள். சமவெளி வெப்பத்துக்கு மேற்கிந்தியத் தீவு வகையின் வாரிசுகள் தாங்கும். உங்கள் செடி எந்த வகை என்று சோதிக்க ஓர் இலையைக் கசக்கி முகருங்கள். சோம்பு வாசனை வந்தால் மெக்சிகோ வகையின் ரத்தம் ஓடுகிறது. குளிரைத் தாங்கும், சென்னை வெயிலில் சிரமப்படும். என் செடியில் சோம்பு வாசனை கிடையாது. ஏழு அடி நிற்கிறது, இன்னும் பூக்கவில்லை. வருடத்தில் மூன்று முறை அது விடும் செம்புத் தளிருக்காகவே அதை வைத்திருக்கிறேன்.

தொட்டியிலிருந்து தரைக்கு மாற்றலாமா?

இடமிருந்தால் கட்டாயம். சுவரிலிருந்து இருபது அடியாவது தள்ளி, களிமண் பூமியானால் குழிக்குள் வைக்காமல் ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு கட்டி அதன் உச்சியில் நடுங்கள். மழைநீர் மேட்டிலிருந்து வழிந்து போய்விடும்.

பத்து நாள் ஊருக்குப் போகிறோம். என்ன செய்வது?

கிளம்பும் நாள் காலையில் அடியில் வழியும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். நிழலுக்கு நகர்த்தி, மூடாக்கை மூன்று அங்குலமாக்குங்கள். தண்ணீர் நிரம்பிய தட்டில் உட்காரவைத்துவிட்டுப் போகாதீர்கள். கோடையானால் பக்கத்து வீட்டில் சொல்லி அவ்வப்போது ஊற்றச் சொல்லுங்கள். மண்ணில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றும்படி சொல்ல மறக்காதீர்கள்.